மலோயா: ரெயூனியன் தீவின் பாட்டும் நம்மூர்த் தப்பும்

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துப் பழைய குடும்பங்களில் 'பூர்போன்' என்ற பெயரைக் காதால் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருப்பீர்கள். "தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் பூர்போனுக்குக் கப்பலேறிப் போனார், அப்புறம் திரும்பலை" என்று ஒரே வரியில் முடிந்துபோகும் கதை அது. அந்தப் பூர்போன்தான் இன்றைய ரெயூனியன். மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்குப் பக்கத்தில் உள்ள எரிமலைத் தீவு. இன்றைக்கும் பிரான்சைச் சேர்ந்ததுதான். கடையில் காய்கறிக்கும் யூரோதான் கொடுக்க வேண்டும். எட்டரை லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். அதில் கால்வாசி நம் ஆட்களின் வம்சம் என்பார்கள். பிரெஞ்சுக் கணக்கெடுப்பில் இனம் கேட்பதில்லை என்பதால் இது ஒரு மதிப்பீடுதான்.

அந்தத் தீவின் நாட்டுப்பாட்டுக்குப் பெயர் மலோயா. 2009 அக்டோபரில் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முப்பது வருடம் முன்னால் வரை அதை வெளியில் வாசிக்கவே பயந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொன்னால், கூடவே நம்மூரிலிருந்து போன ஒரு தோல் வாத்தியத்தின் கதையையும் சொல்ல வேண்டிவரும்.

ரெயூனியனில் ஆதிவாசிகள் என்று யாரும் கிடையாது. பதினேழாம் நூற்றாண்டு வரை ஆளில்லாத தீவு. 1663-இல் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும், மடகாஸ்கரிலிருந்து பத்துப் பேரும் வந்து குடியேறியதிலிருந்துதான் அங்கே ஊர் என்று ஒன்று தொடங்குகிறது. பிறகு காப்பி, அதன் பிறகு கரும்பு. இரண்டுக்கும் ஆள் வேண்டும். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நம் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பேர் அடிமையாகவே போயிருக்கிறார்கள். அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1723-இல் அந்தத் தீவுக்கென்று ஓர் அடிமைச் சட்டம் வந்தது. வெவ்வேறு எஜமானர்களின் அடிமைகள் ஓரிடத்தில் கூடக்கூடாது என்பது அதில் ஒரு விதி. கூடினால் பேசுவார்கள், பேசினால் ஓடிப்போகத் திட்டம் போடுவார்கள் என்ற பயம். ஆனாலும் கூடினார்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவில் கூடிப் பாடினார்கள், ஆடினார்கள். அந்தப் பாட்டையும் ஆட்டத்தையும் அந்தக் காலத்தில் பொதுவாக 'சேகா' என்றே சொன்னார்கள். அதே சேகா பிறகு வெள்ளைக்காரர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்து, வயலினும் அக்கார்டியனும் சேர்ந்து, உடுப்பு மாற்றிக்கொண்டது. தோட்டத்திலேயே தங்கிவிட்ட பழைய பாட்டுக்குத்தான் மலோயா என்ற பெயர் நிலைத்தது. மடகாஸ்கர் மொழியிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். மனக்குமுறலைக் கொட்டுவது என்ற பொருளைச் சிலர் சொல்வார்கள்.

மலோயாவில் ராகம் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒருவர் எடுத்துக்கொடுப்பார், கூட்டம் திருப்பிச் சொல்லும். நம் நடவுப்பாட்டில் ஒரு அம்மாள் முதலில் எடுக்க மற்றவர்கள் பின்பாட்டு வாங்குவார்களே, அது மாதிரி. மொழி கிரியோல், பிரெஞ்சு கலந்த தீவு மொழி. மூன்று மூன்றாக விழும் தாளம். கேட்டுக்கொண்டிருக்கும்போது உடம்பு தானாக முன்னும் பின்னும் அசையும். நரம்பு வாத்தியம் என்று பார்த்தால் 'போப்ர்' என்ற ஒன்றுதான். வில்லில் ஒரு கம்பியைக் கட்டி, சுரைக்குடுக்கையைச் சேர்த்து, குச்சியால் தட்டுவது. நம்மூர் வில்லுப்பாட்டுக்காரர் பார்த்தால் பங்காளி என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

மற்றதெல்லாம் தாளம்தான். அந்தத் தாள வாத்தியங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் தோட்டத்தில் வீணாகக் கிடந்த பொருள்களிலிருந்தே பெரும்பாலும் அவை பிறந்திருக்கின்றன. பெரிய மேளத்துக்கு ரூலேர் என்று பெயர். காலியான மரப்பீப்பாயின் ஒரு வாயில் மாட்டுத்தோல் கட்டியது. அதைத் தரையில் படுக்கப் போட்டு, அதன்மேல் குதிரை மாதிரி ஏறி உட்கார்ந்து, குனிந்து இரண்டு கையாலும் வாசிப்பார்கள். ரம் வடிக்கிற தீவில் காலிப் பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. பிக்கேர் என்பது கிடத்தி வைத்த மூங்கில். இரண்டு குச்சியால் தட்டுவது. சாத்தி என்பது தட்டையான தகரப் பெட்டி, அதையும் குச்சியால்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கயாம். கரும்பு பூக்கிறபோது உச்சியில் நீளமாக ஒரு தண்டு வருமே, அந்தப் பூந்தண்டுகளை வரிசையாக அடுக்கி, தட்டையான ஒரு பெட்டிபோல் கட்டுவார்கள். உள்ளே கல்வாழை விதை மாதிரி கெட்டியான விதைகளைப் போடுவார்கள். இரண்டு கையாலும் பிடித்து, அரிசி புடைக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டினால் மழை வருகிற சத்தம் கேட்கும். கரும்பை வெட்டி வெட்டிக் கை காய்த்தவர்கள், ஆலைக்கு உதவாத அந்தக் கரும்பின் நுனியை எடுத்துத் தங்களுக்கென்று ஒரு வாத்தியம் செய்துகொண்டார்கள்.

1848 டிசம்பர் 20-ஆம் தேதி, பாரீசிலிருந்து வந்திருந்த ஆணையர் சர்தா கரிகா அடிமை ஒழிப்பை அறிவித்தார். அன்று விடுதலை பெற்றவர்கள் சுமார் அறுபதாயிரம் பேர். தீவு ஜனத்தொகையில் பாதிக்கும் மேல். தோட்ட முதலாளிகளுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆயிற்று. அந்தக் கைக்குப் பதில் கைதான் நம் ஆட்கள். முன்னாலேயே, 1828-இல், ஏனாமிலிருந்து தெலுங்கர் 15 பேரைக் கொண்டுபோய் ஒத்திகை பார்த்திருந்தார்கள். 1848-க்குப் பிறகு புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த ஆட்கள் போதவில்லை. 1860-இல் இங்கிலீஷ்காரனோடு ஒப்பந்தம் போட்டுத் தஞ்சை, தென்னார்க்காடு என்று உள்நாட்டிலும் ஆள் பிடித்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்று பேர். திரும்பி வந்தவர்கள் குறைவு. அங்கே நடத்திய லட்சணத்தைப் பார்த்து 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசே ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அவர்களுக்கு அங்கே வைத்த பெயர் 'மலபார்'. சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு மலபார்க் கரையின் பெயர்! பிரெஞ்சுக் குமாஸ்தாவின் பூகோளம் அவ்வளவுதான். முத்துசாமி 'மூத்துசாமி' ஆனார், வீரப்பிள்ளை 'விராப்பூலே' ஆனார். அதுவே குடும்பப் பெயராகி, முன்னால் ழானோ போலோ சேர்ந்துகொண்டது. அடிமைகள் காலி செய்த அதே லயன்களில் இவர்கள் குடியேறினார்கள். பக்கத்துக் குடிசையில் ரூலேர் மேளம், இந்தக் குடிசையில் தப்பு. கல்யாணங்களும் கலந்தன. போன பெண்கள் குறைவு என்பதால் வேறு வழியும் இல்லை.

மலோயா பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் சந்தோஷ ஆட்டம் இல்லை என்பதுதான் என் எண்ணம். வெறும் ஆட்டமாக இருந்திருந்தால் வானொலிப் பெட்டி வந்த வேகத்தில் போயிருக்கும். அது முன்னோருக்குச் செய்கிற கடனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 'சேர்விஸ் கபாரே' என்று சொல்வார்கள். மடகாஸ்கர், ஆப்பிரிக்க வழி வந்த குடும்பங்கள் வருடத்தில் ஒருநாள் இறந்துபோனவர்களை வீட்டுக்கு அழைக்கும் சடங்கு. சோறு, கறி, ரம், புகையிலை எல்லாம் வைத்துப் படைப்பார்கள். சாயங்காலம் தொடங்கும் மலோயா விடிய விடிய நடக்கும். நடுவில் யார்மேலாவது பாட்டனோ பாட்டியோ இறங்கிப் பேசும். படையல், சாமியாட்டம் இரண்டையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊருக்குள் எவ்வளவு கெடுபிடி இருந்தாலும், செத்தவர்களுக்குச் செய்யாமல் விட முடியாதே! பாட்டுத் தெரிந்த கிழவர் ஒருவர் ஒவ்வொரு பக்கத்திலும் தேவைப்பட்டார். அவர் தன் மகனுக்குச் சொல்லிவைத்தார்.

மலபார்களுக்கும் அதேபோல் ஒரு திதி உண்டு. அதற்கு அங்கே பெயர் 'சாம்ப்ளானி'. சொல்லிப் பாருங்கள், சாம்பிராணி வாசனை வரும். கலப்புக் குடும்பங்களில் சாம்ப்ளானியும் செய்து, சேர்விசும் செய்து, ஞாயிற்றுக்கிழமை கோயில்பிள்ளை மணியடித்தால் பூசைக்கும் போய்விட்டு வருவார்கள். சாமியார்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு மலோயா என்றால் பேய் ஆட்டம்.

1946-இல் ரெயூனியன் காலனி அந்தஸ்து நீங்கிப் பிரான்சின் மாவட்டமானது. அதன் பிறகுதான் மலோயாவுக்கு மெய்யான சோதனைக் காலம். எல்லாரும் பிரெஞ்சுக்காரர், எல்லாரும் பிரெஞ்சு பேச வேண்டும், கிரியோல் பேசுவது நாகரிகமில்லை என்று ஒரு காலம். 1959-இல் போல் வெர்ழேஸ் தலைமையில் ரெயூனியன் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கி, தீவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்றது. கட்சி மேடைகளில் மலோயா ஏறியது. மறுபக்கம், ஜெனரல் தெகோலின் பிரதமராக இருந்த மிஷேல் தெப்ரே 1963-இல் ரெயூனியனுக்கே வந்து தேர்தலில் நின்று ஜெயித்து, கால் நூற்றாண்டு அங்கேயே எம்.பி.யாக இருந்தார். தீவைப் பிரான்சிலிருந்து பிரிக்கப் பேசும் எதையும் அவருக்கு ஆகாது. மலோயா இப்போது பேய்ப்பாட்டு மட்டுமில்லை, கம்யூனிஸ்ட் பாட்டும் ஆயிற்று. அரசு வானொலியில் இடம் கிடையாது. வாசித்தால் போலீஸ் வரும், மேளத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்பதை வயதானவர்கள் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். 1981 வரை மலோயாவுக்குத் தடைச்சட்டம் இருந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அதை எழுதிவைத்த சட்டம் என்பதைவிட அதிகாரத்தின் பழக்கம் என்று சொல்வதே பொருத்தம். எழுதாத தடைக்கு மேல்முறையீடு கூடச் செய்ய முடியாது.

அந்த நாட்களில் துணிந்து நின்றவர் ஃபிர்மேன் விரி. தெற்கே சேன் பியேர் பக்கத்துக் கரும்புத் தோட்டத் தொழிலாளி. கட்சி தொடங்கிய 1959-லேயே மலோயாவைப் பொது மேடைக்குக் கொண்டுவந்தவர். 1976-இல் கட்சி ஆதரவில் அவர் பாட்டு இசைத்தட்டாக வந்தது. அதுவரை குடிசை முற்றத்தில் கேட்ட பாட்டு தட்டில் சுழன்றது. அவரைக் கேட்டு வளர்ந்தவர் தனியேல் வாரோ. இவர் அடிமை வம்சமோ மலபாரோ இல்லை, மலைப்பக்கத்து ஏழை வெள்ளைக்காரக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. ராணுவத்தில் சேர மாட்டேன் என்று மறுத்ததற்காகப் பிரான்சில் இரண்டு வருடம் சிறையில் இருந்தார். தன் வாத்தியங்களைத் தானே செய்பவர். 'கலப்புப் பிறவி' என்று வசையாகச் சொன்னதையே தலைப்பாக வைத்து, 'நாங்கள் எல்லாருமே அதுதான்' என்ற கருத்தில் அவர் பாடிய பாட்டு தீவில் ரொம்பப் பிரபலம். 2010-இல் உலக இசைக்காரர்களின் வோமெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது.

1981-இல் மித்தெரான் ஜனாதிபதி ஆனதும் கெடுபிடி தளர்ந்தது. டிசம்பர் 20 விடுமுறை நாளானது. சேர்விசுக்குள் மட்டும் கேட்ட குரல்கள் வெளியே வந்தன. அவர்களில் கிரான்மூன் லெலே என்ற கிழவரை நான் தனியாகச் சொல்ல வேண்டும். 'கிரான்மூன்' என்றால் கிரியோலில் பெரியவர். கிழக்கே சேன் பெனுவா பக்கத்தில் சர்க்கரை ஆலைத் தொழிலாளி. மடகாஸ்கர் வம்சமும் மலபார் வம்சமும் கலந்தவர். அறுபது வயது தாண்டி, 1993-இல்தான் அவருடைய முதல் ஒலித்தட்டு வந்தது. மனைவி, மக்கள் என்று குடும்பமே பின்னால் நின்று பாடியது. பிறகு உலகம் சுற்றினார், 2004-இல் காலமானார். அவர் பாட்டு இணையத்தில் கிடைக்கிறது. காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள். அர்த்தம் புரியாது, ஆனால் கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

இனி நம் தப்புக்கு வருகிறேன்.

மலபார்கள் மொழியை இழந்தார்கள். தமிழ் பேசத் தெரிந்தவர்கள் மூன்றாம் தலைமுறையிலேயே அருகிப்போனார்கள். ஆனால் தீமிதி போகவில்லை. திரௌபதி அம்மன் அங்கே 'பாந்தியாலே', பாஞ்சாலியின் திரிபு. மதுரைவீரன் 'மார்தெவிரேன்'. இந்தச் சாமிகளுக்கு முன்னால் அடிக்கும் தோல் வாத்தியங்களின் பெயர்களைக் கேளுங்கள்: தபு, மத்தலோன், ஊல்கே, தாலோன். தப்பு, மத்தளம், உடுக்கை, தாளம். மலோயாவின் தகரப் பெட்டிக்குச் 'சாத்தி' என்று பெயர் சொன்னேனே, மலபார் மேளக்காரர்களிடமும் அதே பெயரில் ஒரு சிறிய தோல் மேளம் உண்டு. நம்மூர் மேளக்காரர் 'சட்டி' என்பார். பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் இருந்தவர்கள் சோறு, கறி போலப் பெயரையும் கைமாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

தெருக்கூத்தும் போயிருக்கிறது. 'நர்ல்கோன்' என்பார்கள், நாடகம் என்பதன் திரிபு. பாரதக் கதையை இராமுழுக்கப் பாடி ஆடுவது. நடத்துகிறவர் 'வர்த்தியால்', அதாவது வாத்தியார். பாட்டு தமிழ்தான். பாடுகிறவருக்கே சொல்லுக்குச் சொல் பொருள் தெரியாது. பிரெஞ்சு எழுத்தில் நோட்டில் எழுதிவைத்து மனப்பாடம் செய்து பாடுவார்கள். நடுநடுவே வாத்தியார் கிரியோலில் கதை சொல்வார், கூட்டம் சிரிக்கும். பொருள் தெரியாத மொழியில் விடிய விடிய ஒரு கூத்தை நூற்றைம்பது வருடம் காப்பாற்றியிருக்கிறார்கள்.

எண்பதுகளுக்குப் பிறகு அங்கே தமிழ் உணர்வு பெருகியது. நல்லதுதான். தமிழ் வகுப்புகள், தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள், குருக்கள், ஆகமப்படி கோபுரம், நாதஸ்வரம் எல்லாம் போயின. கூடவே இன்னொன்றும் போயிற்று. பழைய மலபார் வழிபாடு 'சரியானது' இல்லை, கிடாவெட்டு கூடாது, தப்பு அடிப்பது தாழ்வு, நர்ல்கோன் தமிழ் கொச்சை என்ற பேச்சு. தோட்ட முதலாளியும் சாமியாரும் முன்பு சொன்னதை இப்போது நம்மவர்கள் வேறு வார்த்தையில் போய்ச் சொன்னால் என்ன நியாயம்? அதுவும் இங்கே தப்பை ஊருக்கு வெளியே நிறுத்தி, சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிட்ட நாம்! அங்கே சாதி பெரும்பாலும் கரைந்துபோய், சாமி ஊர்வலத்துக்கு முன்னால் தபுவை அடிப்பது பெருமை. யார் பிள்ளை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளும்.

மலபார் வம்சத்தைச் சேர்ந்த கில்பேர் பூனியா 1979-இல் தொடங்கிய 'சிஸ்காகான்' குழு மலோயாவில் இந்திய வாசனை சேர்த்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது தபலாவும் சிதாரும். உலக மேடையில் இந்தியா என்றால் அவைதானே தெரியும். பாட்டு நன்றாகவே இருக்கிறது. பக்கத்து முற்றத்தில் தப்பு இருக்கும்போது வடக்கே போக வேண்டுமா என்று எனக்கு ஒரு ஆதங்கம், அவ்வளவுதான்.

ரெயூனியனிலிருந்து பாட்டன் பெயரும் கப்பல் பதிவு எண்ணும் எழுதிய காகிதத்தோடு ஊரைத் தேடிக்கொண்டு புதுச்சேரிக்கு வருகிறவர்கள் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால், நடுவயதுக்காரர் ஒருவரோடு அரைகுறை பிரெஞ்சில் ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் இருந்த கிராமத்தின் பெயர் எந்த ஊருக்கும் பொருந்தவில்லை. அப்போது தெருவில் ஒரு சவ ஊர்வலம் போயிற்று. அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இறுதி ஊர்வலத்தை இப்படி எட்டிப் பார்க்கிறாரே என்று வீட்டில் சங்கடப்பட்டார்கள். மேளக்காரர்கள் முக்கில் நின்று வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். "நாங்களும் இப்படித்தான் காய்ச்சுவோம்" என்றார். வந்து உட்கார்ந்து, மேசையில் இரண்டு விரலால் அவர்கள் அடித்த அடியை அடித்துக் காட்டினார். பிறகு அதையே கொஞ்சம் நிதானமாக, தங்கள் ஊரில் தீமிதிக்கு அடிப்பது இப்படி என்று அடித்தார். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. நீங்கள் வேகமாக அடிக்கிறீர்கள் என்றார்.